சிறுவாச்சூரில் எனக்கும் கேட்டது

நல்ல காது உள்ள ஒரு பெண்மணியைக் காது கெட்டவர் என்று சொன்னவன் நான். தெரியாமல் சொல்லவில்லை. அவருக்குக் கேட்ட சத்தம் எனக்கும் கேட்டது. கேட்ட பிறகும் கேட்கவில்லை என்றேன். பிறகு அவருக்குத் தெரியாமல் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சாவியை அவர் தம்பி கையில் கொடுத்தேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அப்போது நான் பெரம்பலூரில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கார் பணிமனைக்கு மேலாளர். இயந்திரவியல் படித்தவன். அதற்கு முன் சில காலம் பாலிடெக்னிக்கில் பாடமும் நடத்தியிருக்கிறேன். வண்டி நோய்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பெண்மணி கணக்கு டீச்சர். அரியலூரில் ஒரு பள்ளியில் வேலை. திருமானூர்ப் பக்கம் ஒரு ஊரில், தம்பி குடும்பத்தோடு, அப்பா கட்டிய வீட்டில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன். அவருக்குச் செய்தது போதும், பெயரையும் சந்திக்கு இழுக்க வேண்டாம்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு பெட்ரோல் பங்கில். எனக்கு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் நகராமல் நின்றது. ஓட்டி வந்த அம்மாள் இறங்கி நின்று பங்குக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சு லிட்டர் கேன் எடுத்துட்டு வாங்க."

"எதுக்குங்க மேடம்?"

"அளக்க."

"மேடம், பின்னால எத்தனை வண்டி நிக்குது பாருங்க."

"நிக்கட்டும். அவங்களுக்கும் சேத்துத்தான் அளக்கச் சொல்றேன்."

நான் ஹாரன் அடித்தேன். நேராக என் ஜன்னலுக்கு வந்தார். "ஹாரன் அடிச்சா லிட்டர் கூடுமா சார்?" என்று கேட்டார். அளவு கேன் வந்தது, பெட்ரோலை ஊற்றிப் பார்த்தார்கள். கோடு வரைக்கும் சரியாக நின்றது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கொஞ்சமும் கூசவில்லை. "சரியா இருக்கு தம்பி. அப்படியே வண்டியில ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சந்தேகப்படுகிறவர் என்று பலர் நினைத்தார்கள். அது தவறு. சரியாக இருந்தால் சரி என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். தவறாக இருப்பதைச் சரி என்று சொல்லச் சொன்னால்தான் அவரால் முடியாது. சத்துணவு முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதந்ததை எடுத்துத் தலைமையாசிரியர் மேசை மேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார். மாதா கோயிலில் பாடகர் குழுவின் ஒலிபெருக்கி ஒரு பக்கம் கரகரப்பதைப் பாதிரியாரிடம் பூசை முடிந்த கையோடு போய்ச் சொல்வார். யாராவது மழுப்பினால், "நான் கேட்டது அது இல்லை" என்பார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். வகுப்பில் தப்பு விடை சொன்ன பிள்ளையிடம் சொல்வதைப் போலச் சொல்வார். அதுதான் பெரியவர்களுக்கு எரிச்சல்.

நாற்பது வயதுக்கு மேல்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். அவர் ஊர் நிறுத்தத்தில் பஸ் நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் இல்லை. புகார் கொடுத்துச் சலித்துப்போய்க் கார் வாங்கினார். சுண்ணாம்புக்கல் லாரிகள் அடைத்துக்கொண்டு போகும் அரியலூர் சாலையில் தினமும் தனியாக ஓட்டிப் போய் வந்தார். விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டை வரைக்கும் போயிருக்கிறார். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. பொம்பளை இந்த ரோட்டில் வண்டி ஓட்டுவதாவது என்று அவர் எங்களிடமே பல முறை அலுத்துக்கொண்டார்.

ஒருநாள் டீச்சர் பணிமனைக்கு வந்தார்.

"சார், ஸ்டியரிங்ல சத்தம் வருது."

"எந்த மாதிரிங்க?"

"டொக்குனு. ஒரே ஒரு தடவை. எங்க வூட்டுச் சந்துல வண்டி திருப்ப இடமில்ல. ரிவர்ஸ்லயே ரோட்டுக்கு வந்து, அப்புறம் முன்னால எடுத்து ஒடிக்கணும். அப்பத்தான் வருது. அதுக்கப்புறம் அரியலூர் வரைக்கும் வராது. மறுபடி ரிவர்ஸ் எடுத்தா மறுபடி வரும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க கிளட்ச் மாத்திக் குடுத்ததுலேர்ந்து."

ஸ்டியரிங் சத்தத்தில் பாதி வைத்தியம், அது எப்போது வருகிறது என்று கேட்பதிலேயே முடிந்துவிடும். முழுதாக ஒடித்துக்கொண்டு ஓடும்போது தடதடவென்று தொடர்ந்து அடித்தால் சக்கரத்துக்குப் போகும் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைச் சுற்றும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு துள்ளினால் ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங். குண்டும் குழியுமான ரோட்டில் மட்டும் கடகடத்தால் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை. முன்னும் பின்னும் திசை மாறும்போது ஒரே ஒரு தடவை அடித்து அடங்கினால், கனமான ஏதோ ஒன்று இறுக்கமில்லாமல் இடம் மாறி உட்காருகிறது என்று அர்த்தம். இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியவன் நான். டீச்சர் எனக்குச் சொன்னது அந்தக் கடைசி வகையின் இலக்கணம். கிளட்ச் மாற்ற எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தை இறக்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியே அந்தச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டார். "நீங்க கிளட்ச் மாத்திக் குடுத்ததுலேர்ந்து" என்ற ஒரு சொல் பிடிக்காததால் நான் மற்ற எதையும் காதில் வாங்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். தூக்கிய வண்டியில் பாரம் இல்லை, பாரமில்லாமல் அந்தச் சத்தம் வராது. பிறகு மெக்கானிக் ஒருவர் சிறுவாச்சூர் வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். நெடுஞ்சாலையில் நேராகப் போய் நேராக வந்தார். ரிவர்ஸ் எடுத்துப் பார் என்று நான் சொல்லவில்லை, அவரும் செய்யவில்லை. "சத்தம் இல்லீங்க சார்" என்றார். நான் அதையே டீச்சரிடம் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஆண் வந்து சத்தம் என்று சொன்னால் வண்டிக்கு அடியில் போவோம். ஒரு பெண் வந்து சொன்னால் சாவிக்கொத்து ஆடுகிறதா, டிக்கியில் தண்ணீர் பாட்டில் உருளுகிறதா என்று பார்ப்போம். எங்கள் பணிமனையில் அது எழுதாத சட்டம். நாடு முழுவதும் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தப் பணிமனையில் சட்டம் போடுகிற இடத்தில் நான்தான் இருந்தேன்.

இரண்டாவது தடவை அவர் வந்தபோது, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் காட்டி, "இது ஆடுற சத்தமா இருக்கும் டீச்சர்" என்றேன்.

"சார், சின்ன வயசுலேர்ந்து ஜெபமாலை உருட்டுறேன். அது என்ன சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். நான் கேட்டது அது இல்லை."

அவர் போனதும் மெக்கானிக்குகள் 'சத்தம் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். நான் சிரித்தேன். அடுத்த நாளிலிருந்து நானே அந்தப் பெயரைச் சொன்னேன்.

மூன்றாவது தடவை தம்பியும் கூட வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், வூட்ல எந்நேரமும் இதே பேச்சு. எனக்கும் கேக்கல, எங்க வூட்டுக்காரிக்கும் கேக்கல. அக்காவுக்கு மட்டும் கேக்குது. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொன்னீங்கனா கேட்டுக்கும்."

டீச்சர் அதற்குள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "சார் பக்கத்துல வந்து உக்காரட்டும். நான் ஓட்டுறேன். கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லட்டும், கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லட்டும். அதோட நான் விட்டுடறேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. சிறுவாச்சூரில் அம்மன் கோயில் திறந்திருக்கும் நாள். கோயில் பாதையெல்லாம் வேனும் ஆட்டோவும். அவர் ஒரு தேங்காய்க்கடை ஓரமாக நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, நின்று, முன்னால் எடுத்து இடது பக்கம் ஒடித்தார்.

டொக்.

காதுக்கு முன்னால் என் கால் பாதத்துக்குத் தெரிந்தது. மரப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்த மாதிரி ஒரு அடி. அந்த நொடியிலேயே எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. எஞ்சினுக்கு அடியில் போகும் இரும்புச் சட்டத்தின் போல்ட்கள். கிளட்ச் வேலை முடித்துச் சட்டத்தை ஏற்றியவர்கள் கடைசி இறுக்கு இறுக்கவில்லை. அதைச் சரிபார்த்ததாக நான் ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். சரிபார்க்கவில்லை.

அவர் வண்டியை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "கேட்டுச்சா சார்?"

"இல்லையே டீச்சர்" என்றேன்.

"நல்லா கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். ஒண்ணும் இல்லீங்க."

மறுபடி ரிவர்ஸ், மறுபடி முன்னால். மறுபடி அதே அடி. தேங்காய்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, முன்னயும் பின்னயும் ஆட்டிக்கிட்டே இருக்கீங்க? வண்டிக்கு தாலாட்டு பாடுறீங்களா?"

டீச்சர் அவரைக் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. ஏன் அப்படிச் செய்தேன்? மேலிடத்திலிருந்து அந்த மாதம்தான் புகார்கள் கூடிவிட்டதாகச் சத்தம் போட்டிருந்தார்கள். புறப்படும்போதே அவர் தம்பியிடம் வண்டியில் குறை இல்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு கணக்கு டீச்சர் சொல்லி நான் கற்றுக்கொள்வதா என்ற அற்பமும் இருந்தது. இவை காரணங்கள். இவற்றில் ஒன்றும் நியாயம் இல்லை.

அவர் வண்டியைத் திருப்பிப் பணிமனைக்கு ஓட்டி வந்தார்.

மதியம் மெக்கானிக்குகள் சாப்பிடப் போன நேரத்தில் வண்டியை நானே மேடையில் ஏற்றினேன். சட்டத்தின் பின்பக்க போல்ட்கள் இரண்டும் கை இறுக்கத்தில் நின்றன. அவற்றைச் சுற்றி இரும்பு தேய்ந்து பளபளவென்று வளையம் போட்டிருந்தது. ஸ்பேனரை வைத்து இழுத்தபோது முதல் போல்ட் ஒரு முழுச் சுற்று உள்ளே போனது. இன்னும் கொஞ்ச நாளில் அது கழன்று விழுந்திருக்கும். ஸ்டியரிங் பெட்டி உட்கார்ந்திருக்கிற சட்டம், லாரிகளுக்கு நடுவில், தனியாக ஓட்டிப் போகிற ஒரு பெண். அதை நினைத்துக்கொண்டேதான் இரண்டு போல்ட்களையும் இறுக்கினேன். பிறகு வண்டியைக் கழுவச் சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன்.

"முழுசா பாத்தாச்சுங்க. எதுவும் இல்லை" என்றேன் தம்பியிடம்.

"கேட்டியாக்கா? சாரே சொல்லிட்டாரு." பிறகு என்னிடம், டீச்சர் காதுபடவே, "இது காதுல ஏதாச்சும் கோளாறா இருக்குமா சார்?"

"இருக்கலாம்ங்க. வயசாகும்போது சிலருக்கு அப்படிக் கேக்கும். டாக்டர்கிட்டக் காட்டுங்க."

இதை நான் சொன்னேன். யாரும் கேட்டு வாங்கவில்லை. வண்டி வைத்தியன், காது வைத்தியமும் சொன்னேன்.

மறுநாள் காலை டீச்சர் போன் செய்தார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. "சார், சத்தம் நின்னுபோச்சு! சந்துலேர்ந்து எடுத்து ஒடிச்சேன், ஒண்ணுமே இல்லை. என்ன பண்ணீங்க?"

அப்போதுகூட எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. போல்ட் லூஸாக இருந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருப்பார், அதோடு முடிந்திருக்கும்.

"ஒண்ணும் பண்ணலைங்க டீச்சர். தண்ணி அடிச்சுக் கழுவினோம், அவ்வளவுதான்."

"அப்ப..." என்றார். அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அவர் வண்டி சர்வீஸுக்கு வந்தபோதெல்லாம் தம்பிதான் கொண்டுவந்தார். ஒரு குறையும் சொல்ல மாட்டார். கொஞ்ச காலத்தில் வண்டியையும் விற்றுவிட்டார்கள். தொல்லை விட்டது என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு தடவை அரியலூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பழக்கடைக்காரர் அழுகிய கொய்யா இரண்டை அடியில் தள்ளிப் பையைக் கட்டினார். டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்தது. பிறகு பையை வாங்கிக்கொண்டு நடந்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. அந்த உறுத்தலையும் கழுவித் துடைத்துக்கொள்ள எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பணி ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, சமீபத்தில், அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் டீச்சரின் தம்பி. அடையாளம் கண்டுகொண்டு, எதிர்ப் பந்தி வரைக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இவருதாங்க நம்ம கார் சாரு! அக்கா காதைக் கண்டுபுடிச்சவரு!" என்றார். "உங்ககிட்டேருந்து வந்ததும் திருச்சிக்கு டாக்டர்கிட்ட கூட்டிப் போனோம் சார். மிஷினெல்லாம் மாட்டிப் பாத்துட்டு, காது நல்லா இருக்குன்னுட்டாரு. அப்ப மனசுலதான் ஏதோன்னு எங்க வூட்டுக்காரி சொன்னா. அக்கா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஏலாக்குறிச்சிக்கு நடந்தே போயி, வெள்ளியில காது செஞ்சு மாதாவுக்குக் காணிக்கை போட்டுட்டு வந்துச்சு. சத்தம் நின்னதுக்கு நேர்த்திக்கடன்!"

பந்தியில் சிரிப்பு. எங்கள் பக்கத்தில் உடம்பில் எந்த இடம் குணமாகிறதோ அதை வெள்ளித் தகட்டில் செய்து கோயிலில் போடுவார்கள். கால் குணமானவர் கால், கண் குணமானவர் கண். நோயே இல்லாத ஒரு காதுக்கு டீச்சர் வெள்ளிக் காது போட்டிருக்கிறார். நான் ஸ்பேனரால் நிறுத்திய சத்தத்துக்கு.

"அதோட அக்கா அடங்கிடுச்சு சார்" என்றார் அவர், ரசம் வாங்கிக்கொண்டே. "முன்ன மாதிரி யார்கூடயும் சண்டை சச்சரவு கிடையாது. எதாச்சும் சந்தேகம் வந்தாகூட, எனக்குத்தான் அப்படித் தோணுதான்னு நம்மளத்தான் கேக்கும். நாம சொன்னா சரிங்கும்."

நான் பந்தியிலிருந்து எழுந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். தம்பி மேல், அவர் மனைவி மேல், சிரித்த இலைகள் மேல். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த ஆத்திரம் போய்ச் சேர வேண்டிய விலாசம் தெரிந்தது. ஒரு பெண்ணின் கார் சாவியைப் பிடுங்கினால் அவள் பஸ்ஸில் போவாள். அவள் காதில் கேட்டதை அவளே நம்பாதபடி செய்துவிட்டால் எதில் போவாள்?

அடுத்த வாரம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் டீச்சர் முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. தம்பியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை போனேன். நின்றுகொண்டே சொன்னேன். சிறுவாச்சூரில் கேட்டது, போல்ட், ஸ்பேனர், போனில் சொன்ன பொய், எல்லாம்.

டீச்சர் நிமிரவில்லை. "இல்லை சார்" என்றார் மெதுவாக. "அது என் காதுதான். மாதா குணமாக்கிட்டா. நீங்க எதுக்கு உங்க மேல போட்டுக்குறீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அடிப்பார், துரத்துவார் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனவன். "டீச்சர், கிளட்ச் மாத்தினதுக்கு அப்புறம்தான் வருதுன்னு சொன்னீங்க. ரிவர்ஸ் எடுத்தா ஒரே தடவைதான் வரும்னு சொன்னீங்க. ரெண்டும் அப்படியே உண்மை. ரெண்டு போல்ட் லூஸு. நான்தான் டைட் பண்ணேன்."

கடலை உரிப்பது நின்றது.

"எந்த இடத்துல?"

"எஞ்சினுக்கு அடியில. பின்பக்கம்."

"என் காலுக்கு நேரா வருமா?"

"கிட்டத்தட்ட, ஆமாங்க."

"கால்லதான் முதல்ல தெரியும்" என்றார். அவர் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "உங்களுக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு டீச்சர்."

"ஏன் இல்லைன்னீங்க?"

நான் மேலிடத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். முறம் மடியிலிருந்து சரிந்து கடலை கூடமெல்லாம் ஓடியது. எழுந்து நின்றார்.

"நான் எத்தனை நாள் மாதா முன்னாடி முட்டி போட்டேன் தெரியுமா சார்? என் புத்தி பேதலிக்காம காப்பாத்துன்னு. வகுப்புல ஒரு புள்ள பின் பெஞ்சுல முணுமுணுத்தா, நிஜமாப் பேசுதா எனக்கு மட்டும் கேக்குதான்னு நின்னு யோசிப்பேன். ஓய்வு பெறுற வரைக்கும் அப்படித்தான் நின்னேன். கணக்கு டீச்சர் சார் நான்! போர்டுல போட்ட கூட்டலையே மூணு தடவை பாப்பேன்!"

"சரி விடுக்கா," என்றார் தம்பி. "ஏதோ பழைய கதை. சார் வயசான காலத்துல வந்து சொல்றாரு..."

"நீ வாயை மூடு!" என்றார் டீச்சர். அந்த வீட்டில் அப்படி ஒரு குரலை நெடுங்காலம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவி ஒரு அடி பின்னால் போனார். டீச்சர் என் பக்கம் திரும்பி வாசலைக் காட்டினார். "நீங்க போங்க. தண்ணி வேணும்னா தெருக்குழாய்ல குடிச்சுக்கங்க."

போனேன். திருமானூருக்கு நடந்து வந்து பஸ் பிடித்தேன்.

பிறகு நான் பரிகாரம் என்று நினைத்துச் சிலவற்றைச் செய்தேன். அவருடன் வேலை பார்த்த ஆசிரியைகள் இருவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஒருவருக்குக் கார் விஷயமே ஞாபகமில்லை. "ஆனா அவங்க ஒரு மாதிரிதான் சார், பாவம்" என்றார். இன்னொருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சிரித்தவர்களுக்கு எதற்காகச் சிரித்தோம் என்பது மறந்துபோயிருந்தது. தீர்ப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதைக் கழற்ற என்னிடம் கருவி இல்லை.

போன வாரம் டீச்சரின் தம்பி போன் செய்தார். எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"என்ன சார் பண்ணி வச்சிட்டுப் போயிருக்கீங்க? வூட்ல நிம்மதி போச்சு! இத்தனை வருசத்துல நடந்த ஒவ்வொண்ணையும் எடுக்குது அக்கா. 'அன்னிக்கு நீ அடுப்படியில என்னைப் பத்திப் பேசினது எனக்குக் கேட்டுச்சு, பிரமைன்னு நெனச்சு விட்டுட்டேன்'னு எங்க வூட்டுக்காரிகிட்ட சண்டை. அக்காவுக்குப் பங்கா வந்த வயல்ல எல்லைக் கல்லு நகந்திருக்குன்னு முன்ன ஒரு தடவை சொல்லுச்சு. உனக்கு அப்படித் தோணுதுன்னு சொன்னேன், கேட்டுக்கிச்சு. இப்ப சர்வேயரை வரச் சொல்லி மனுக் குடுத்துருக்கு! பக்கத்து வயல் என்னுது சார், கூடப் பொறந்தவன் மேலயே மனு!"

"கல்லு நகர்ந்திருந்துச்சாங்க?" என்று கேட்டேன்.

"அது இப்ப எதுக்கு சார்?" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "யாருடா அது? அந்த கார் சாரா? குடு இங்க."

போன் கை மாறியது.

"சார், சர்வேயர் வியாழக்கிழமை வராரு. நீங்களும் வயலுக்கு வரணும்."

"வந்து என்னங்க சொல்லணும், டீச்சர்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க வாயைத் திறந்து நான் பட்டது போதும். வந்து என் பக்கத்துல நில்லுங்க. இந்த ஊர்ல என் பக்கத்துல நிக்க ஒரு ஆள் கிடையாது. பொய் சொன்ன ஆளா இருந்தாலும் பரவாயில்லை, நான் கூப்புடுறேன்."

"வரேங்க" என்றேன்.

"காலையிலயே வந்துடுங்க. அங்க நிழல் கிடையாது, குடை எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.